140 சதுர அடி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் மாமா போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததும், "டேய், ஷட்டர் சாவி உன்கிட்டயா இருக்கு?" என்றார். அவர் வீட்டுச் சாமி அலமாரியில், விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்தான் அந்தச் சாவி நான்கு வருடங்களாக இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். கேட்க வந்தது வேறு. "ஸ்பென்சர் கடையைப் பார்க்க புரோக்கர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வரானாம். நீயும் வா. அவனுங்க பேசற கணக்கு எனக்குப் புரியாது."

மாமாவுக்குக் கணக்குப் புரியாது என்றால் பெரியமேட்டில் ஒருவரும் நம்பமாட்டார்கள். துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வந்து சென்ட்ரலில் மாமாவைச் சேர்த்துக்கொண்டேன். அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் எல்ஐசி. ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியதாகிவிட்டது. "இதுக்காடா இத்தனை வருஷம் ரோட்டைத் தோண்டினானுங்க?" என்றார் மாமா. வண்டிகளை அங்கே திருப்பி இங்கே திருப்பி, அண்ணா சாலையில் ஒரு கடைக்குப் போய்வருவதே பெரிய யாத்திரையாக இருந்த அந்த வருடங்களை அவர் மறக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்தபோது அவர் கடையில் நாளைக்கு நான்கு பில் போட்டால் அதிகம். சரியாக ஒரு வருடம் கழித்துக் கொரோனா வந்தது.

மாமாவின் கடை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசா மாலில், இரண்டாவதாகக் கட்டிய ஃபேஸ் டூ பகுதியில். 140 சதுர அடி. தோல் பெல்ட், பர்ஸ், ஹேண்ட்பேக். கடைக்குள் ஒரே சமயத்தில் மூன்று பேர் நிற்கலாம். நாலாவது ஆள் வந்தால் நான் வெளியே போய் நிற்க வேண்டும்.

ஸ்பென்சர் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால், "அந்தக் காலி பில்டிங்கா?" என்கிறார்கள். 1860களில், இன்றைய அண்ணா சாலையான மவுன்ட் ரோட்டில் தொடங்கிய வெள்ளைக்காரர் கடை அது. 1890களில் செங்கல் சிவப்பில் கோபுரம் வைத்துக் கட்டிய பெரிய கட்டடத்துக்கு மாறியது. ஊசி முதல் பியானோ வரை என்பார்களே, அந்த மாதிரி. தென்னிந்தியாவின் ரயில் நிலைய உணவு விடுதிகள் பலவற்றை ஸ்பென்சர் கம்பெனிதான் நடத்தியது. பின்னாலிருக்கும் கன்னிமாரா ஹோட்டலும் அவர்கள் கையில்தான் இருந்தது. என் தாத்தா அந்தக் கட்டடத்தின் வாசல்வரை போனதோடு சரி. உள்ளே போக யாரும் தடுக்கவில்லை, அவராகவே போகவில்லை. "நமக்கு எதுக்குப்பா" என்பாராம். 1983இல் அது எரிந்தது. இரண்டு வருடம் கழித்து சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டும் எரிந்தது. துரைமார் சாமான் வாங்கிய இடம் ஒன்று, எங்களைப் போன்றவர்கள் பழைய புத்தகமும் புறாவும் வாங்கிய இடம் இன்னொன்று. அடுத்தடுத்து இரண்டுமே சாம்பல்.

எரிந்த இடத்தில்தான் 1991 வாக்கில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. இந்தியாவின் ஆரம்பகால மால்களில் ஒன்று. டெல்லியின் அன்சல் பிளாசாவும் மும்பையின் கிராஸ்ரோட்ஸும் 1999இல்தான் திறந்தார்கள். நாம் அதற்கெல்லாம் முன்னாலேயே எஸ்கலேட்டரில் ஏறப் பழகிவிட்டோம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு அற்பப் பெருமை உண்டு.

மாமா அப்போது பெரியமேட்டில் ஒரு தோல் குடோனில் சூப்பர்வைசர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் தோலைத் தரம் பிரித்து அடுக்குவது வேலை. கட்டைவிரலால் ஒருதரம் தேய்த்தாலே எந்தத் தொழிற்சாலைச் சரக்கு என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் நடுவில் ஃபேஸ் டூவில் கடைகளைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஊரில் இருந்த அரைக்காணி நிலத்தை விற்று, அத்தையின் வளையல்களையும் வைத்து, இந்த 140 சதுர அடியை வாங்கினார். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. "நிலத்தை வித்து யாராவது அந்தரத்துல இடம் வாங்குவாங்களா?" என்று என் அம்மாவிடம் வந்து அழுதார்கள். அந்தரம் என்று அவர்கள் சொன்னது மாடியை.

நான் பி.காம் படித்த மூன்று வருடமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்தக் கடையில்தான் இருந்தேன். 1996 முதல் 1999 வரை. என் வேலை பெல்ட்டுக்கு ஓட்டை போடுவது, பில் எழுதுவது, பக்கத்துக் காஷ்மீரிக் கடைக்காரர் தொழுகைக்குப் போனால் அவர் கடையையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது. அவர் சால்வை, கம்பளம், காகிதக்கூழ் பெட்டி விற்றார். தமிழிலேயே பேரம் பேசுவார். "மேடம், உங்களுக்காகத்தான் இந்த ரேட்டு, வெளிய சொல்லாதீங்க" என்பதை எங்கள் மாமாவைவிட நன்றாகச் சொல்வார். மாமா அவரிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டார். எங்கள் கடையில் 'ஒரே விலை' என்று ஒரு போர்டு தொங்கியது. அதற்குக் கீழே நின்றுதான் மாமா நூறு ரூபாய் குறைப்பார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். அக்னி நட்சத்திர நாட்களில் பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள். ஓசி ஏசி. புதுக் கல்லூரிப் பையன்கள், எத்திராஜ் பெண்கள், ஹைகோர்ட்டில் வாய்தா வாங்கிவிட்டு வெயிலுக்கு ஒதுங்கிய வெளியூர்க்காரர், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் காட்சிக்குக் கூட்டிவந்த குடும்பங்கள். மெரினா, மிருகக்காட்சிசாலை, ஸ்பென்சர் என்று ஒரு வரிசை இருந்தது. மியூசிக் வேர்ல்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு எதுவும் வாங்காமல் வரலாம். நான் அப்படி நிறையக் கேட்டிருக்கிறேன். வாங்கியது ஒரே ஒரு கேசட்.

மாமாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. கடைக்கு எதிரே நடந்து போகிறவர்களை ஒரு மணி நேரம் கோடு போட்டு எண்ணச் சொல்வார். நின்று பார்த்தவர்களுக்குத் தனிக் கோடு, உள்ளே வந்தவர்களுக்குத் தனிக் கோடு, வாங்கியவர்களுக்கு வட்டம். நூறு கோட்டுக்கு இரண்டு வட்டம் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். பிற்பாடு கோட்டு சூட்டு போட்டவர்கள் இதையே ஃபுட்ஃபால், கன்வெர்ஷன் என்று எனக்குப் பாடம் எடுத்தபோது அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

அந்த நோட்டில் ஒரு விஷயம் அப்போதே தெரிந்தது. எஸ்கலேட்டரிலிருந்து இறங்குகிறவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள். எங்கள் கடை வலது பக்கம், கடைசி வளைவில். வழிதெரியாமல் வந்தவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். ஸ்பென்சரில் வழி தவறுவது சகஜம். மூன்று ஃபேஸ்களும் வெவ்வேறு காலத்தில் கட்டி ஒட்டவைத்தவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியை எனக்கே முதல் மாதம் யாராவது காட்ட வேண்டியிருந்தது. "தொலைஞ்சு போனவங்கதான்டா நமக்கு லட்சுமி" என்பார் மாமா.

இதைத்தான் வியன்னாவிலிருந்து அமெரிக்கா போன விக்டர் குருயன் என்ற கட்டடக் கலைஞரின் பெயரில் வழங்குகிறார்கள். மூடிய கட்டடத்துக்குள், வெளிக் குளிர் தெரியாமல் கடைத்தெரு என்ற யோசனையை 1956இல் மின்னசோட்டாவில் சவுத்டேல் என்ற பெயரில் கட்டிக் காட்டியவர் அவர். உள்ளே வந்தவன் எதை வாங்க வந்தோம் என்பதை மறந்து சும்மா திரிய ஆரம்பிக்கும் அந்தக் கணம் இருக்கிறதே, அதற்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். மனுஷன் கடைசிக் காலத்தில், நான் நினைத்தது வேறு, இவர்கள் கட்டுவது வேறு என்று மால்களையே கைகழுவிவிட்டார். பழைய தமிழில் மால் என்றாலே மயக்கம்தான். அவருக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்.

சரி, ஸ்பென்சர் ஏன் விழுந்தது? கேட்டால் எல்லோரும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். 2006இல் மயிலாப்பூர்ப் பக்கம் சிட்டி சென்டர் வந்தது, 2009இல் அமைந்தகரையில் ஸ்கைவாக் வந்தது, 2010இல் கூப்பிடு தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்த மாதமே மாமாவின் நோட்டில் கோடுகள் பாதியாகிவிட்டன. அப்புறம் ஆன்லைன் என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் நான் இருபது வருடங்களாக ஒரு செருப்புக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் கடைகள் பல மால்களில் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தங்கள் என் மேஜைக்கு வந்துதான் போகும். அதனால் எனக்குத் தெரிகிற காரணம் வேறு. ஸ்பென்சர் கடை கடையாக விற்கப்பட்டது. புதிய மால்கள் எதையும் விற்பதில்லை. வாடகைக்கு மட்டும்தான் விடுகின்றன.

வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். லிஃப்ட் ரிப்பேர் என்றால் கீழ்வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "நான் லிஃப்டே ஏறறதில்லையே, நான் ஏன் தரணும்?" இதை எஸ்கலேட்டர், ஏசி, ஜெனரேட்டர், காவலாளி என்று நீட்டிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சொந்தக்காரர்கள். ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவர் இறந்துபோய் மூன்று பிள்ளைகள் வழக்காடுகிறார்கள், இன்னொருவர் விலை ஏறும் என்று பூட்டிவைத்திருக்கிறார். ஒரு ஷட்டர் சாத்தினால் அடுத்த கடைக்காரனின் வெளிச்சமும் போய்விடும். இரண்டு ஷட்டர் சாத்தினால் அந்த வளைவுக்கே யாரும் வரமாட்டார்கள். துணிக்கடைக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர், அதற்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் குடோன். இங்கே இது வேண்டாம், அங்கே அது வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை. அவரவர் சொத்து அவரவர் இஷ்டம். டெல்லி, குருகிராம் பக்கம் பேய் மால்கள் என்று பெயரெடுத்தவற்றிலும் துண்டு போட்டு விற்றவை ஏராளம்.

ஒரே முதலாளி இருக்கும் மாலில் கதை வேறு. சினிமா மேல்மாடியில், சாப்பாடு அதற்குப் பக்கத்தில். படம் பார்க்க வருகிறவன் எல்லாத் தளத்தையும் தாண்டித்தான் ஏற வேண்டும். பல மால்களில் ஏறும் எஸ்கலேட்டர் ஒரு பக்கம் முடியும்; அடுத்த தளத்துக்கு ஏற மறுபக்கம்வரை நடக்க வேண்டும். யாரோ மறதியாகக் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மாமாவின் 'தொலைஞ்சு போனவங்க' கொள்கையை வரைபடத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிய துணிக்கடைகளை இரண்டு முனையிலும் வைப்பார்கள். அவர்களுக்கு வாடகை சதுர அடிக்குக் கொஞ்சம்தான், ஏனென்றால் கூட்டம் அவர்களால் வருகிறது. நடுவில் இருக்கும் எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குச் சதுர அடி வாடகை பல மடங்கு. கம்பும் கேழ்வரகும் விளைகிற காட்டில் கிணற்றுக்குப் பக்கத்து வயலுக்குக் குத்தகை ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையும் வெறும் வாடகை கிடையாது. குறைந்தபட்சம் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. விற்பனையில் இத்தனை சதவீதம் என்று இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். எங்கள் தினசரி விற்பனைக் கணக்கு அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதற்குமேல் பொது இடப் பராமரிப்பு என்று சதுர அடிக்கு ஒரு கட்டணம். எல்லாவற்றையும்விட வேடிக்கை, சதுர அடி. எங்கள் கடை ஒன்றில் செருப்பு வைக்கிற, மனிதர் நடக்கிற இடம் 900 சதுர அடி. வாடகை போடுவது 1,500க்கு. மீதி 600 எங்கே என்றால், வராந்தாவிலும் கழிப்பறையிலும் எஸ்கலேட்டரிலும் எங்கள் பங்காம். மாமாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தக் கக்கூஸ்ல ரெண்டு ஜோடி செருப்பு அடுக்கி வைக்க வேண்டியதுதானே" என்றார்.

2022இல் புறநகரில் ஒரு மாலில் இருந்த எங்கள் கடையை மூடினோம். பெயர் வேண்டாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாடகை ஏற வேண்டும் என்று ஒப்பந்தம்; விற்பனை ஏறவில்லை. பேசிப் பார்த்தோம். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார்கள். கடைசி நாள், அலமாரிகளைக் கழற்றும்போது வந்த சத்தம் மற்ற கடைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று ராத்திரி பதினோரு மணிக்குமேல் கழற்றச் சொன்னார்கள். பொருட்களைப் பின்வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மறுநாள் காலை அங்கே ஒரு வெள்ளை அட்டையைச் சுவராக நிறுத்தி, 'விரைவில் இங்கே' என்று ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு கடை மூடியதற்கான தடயமே இல்லை. ஒற்றை முதலாளி மாலில் மரணம் கண்ணில் படாது, அவ்வளவுதான். சிட்டி சென்டருக்கு எக்ஸ்பிரஸ் அவென்யூ, அதற்கு 2013இல் வேளச்சேரி பீனிக்ஸ், பீனிக்ஸுக்கு 2018இல் வந்த அண்ணா நகர் விஆர் என்று கூட்டம் புதுசை நோக்கித்தான் நடக்கிறது. பழசு வயதாவது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கணக்குப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன். சென்னைக்காரன் மாலில் வாங்குவதில்லை. சாப்பிடுகிறான், படம் பார்க்கிறான், பிள்ளையை விளையாட விடுகிறான், செல்ஃபி எடுக்கிறான். கல்யாணப் பட்டுக்கும் நகைக்கும் தி.நகர் போகிறான், கம்ப்யூட்டர் சாமானுக்கு ரிச்சி தெரு. எங்கள் கடைக்கு வந்து மூன்று ஜோடி போட்டுப் பார்த்து, அளவைத் தெரிந்துகொண்டு, வாசலில் நின்றபடியே போனில் ஆர்டர் போட்டவரை நானே பார்த்திருக்கிறேன். கோபம்கூட வரவில்லை. மியூசிக் வேர்ல்ட் ஹெட்போனை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மும்பை கிராஸ்ரோட்ஸ் திறந்த புதிதில் கையில் செல்போனோ கிரெடிட் கார்டோ இல்லாதவர்கள் உள்ளே வர நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள் என்று செய்தி வந்தபோது, மாமா பேப்பரை மடக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நானே அந்த மாலுக்குள்ள போக முடியாதே." அவரிடம் இரண்டுமே இல்லை. குடோன் சூப்பர்வைசர் ஒருவர் மவுன்ட் ரோட்டில் ஏசிக் கட்டடத்தில் முதலாளியாக உட்கார முடிந்தது, ஸ்பென்சரைத் துண்டு போட்டு விற்றதால்தான். இன்றைய மால் எதிலும் அவருக்கு இடம் கிடைக்காது. பணம் இருந்தாலும் கிடைக்காது. பிராண்டு எங்கே, எத்தனை ஊரில் கடை, மூன்று வருட பேலன்ஸ் ஷீட் எங்கே என்று கேட்பார்கள். கேட்கிற கடிதத்துக்குப் பதில் தயாரிப்பவனே நான்தான், அதனால் தெரியும். அவரை உள்ளே விட்ட அதே ஏற்பாடுதான் அந்தக் கட்டடத்தைச் சாய்த்தது. எது சரி என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

எழும்பூர் ஆல்சா மாலைப் பாருங்கள். பெயரில்தான் மால். ஆனால் கீழே சாண்ட்விச் வாங்க இன்றும் ஆட்கள் நிற்கிறார்கள். கட்டடத்தை யாரும் பார்ப்பதில்லை, சீஸ் எவ்வளவு போடுகிறார் என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் ஃபவுன்டன் பிளாசாவில் சுடிதார் துணிக்கும் எம்பிராய்டரிக்கும் இன்னும் பெண்கள் வருகிறார்கள். சின்ன மால்கள் பழைய கடைத்தெருவாக மாறிப் பிழைத்துக்கொண்டன. ஸ்பென்சர் அதற்கு ரொம்பப் பெரியது.

அன்றைக்கு உள்ளே நுழைந்தபோது தரைத்தளத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. மேலே அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்கள் கழுத்தில் அட்டையோடு டீக்கு இறங்கியிருந்தார்கள். ஃபேஸ் டூ பக்கம் திரும்பியதும் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. காஷ்மீரிக்காரர் கடையில் வேறு யாரோ ஒரு பையன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா ஷட்டரைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் தூக்கினேன்.

2020 மார்ச்சில் மால்களை மூடச் சொன்னார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி திறக்கவிட்டபோது மாமா முதல் ஆளாகப் போய்க் கற்பூரம் காட்டினார். ஆறு மாதம் பார்த்தார். வருகிற பஸ் செலவுக்கே விற்பனை காணவில்லை. 2021 ஆரம்பத்தில் சரக்கைப் பெரியமேட்டுக்கே திருப்பிவிட்டுச் சாத்தியதுதான். உள்ளே இப்போது ஒரு ஸ்டூல், கண்ணாடி மேஜை, காலண்டர், 'ஒரே விலை' போர்டு. தோல் வாசனை இன்னும் இருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் இரண்டு தடவை உறிஞ்சினார்.

புரோக்கர் கூட்டிவந்தவர் முப்பது வயது இருக்கும். ஆன்லைன் ஆர்டர்களுக்குச் சரக்கு அடுக்கிவைக்க இடம் தேடுகிறாராம். வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார்கள், ஷட்டர் பாதி சாத்தியே இருந்தாலும் பரவாயில்லை என்றார். விலை சொன்னார். நான் மனதுக்குள் வட்டி போட்டுப் பார்த்தேன். அந்த அரைக்காணியை விற்காமலே இருந்திருக்கலாம். அதைச் சொல்லவில்லை. அத்தை முப்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பது போதும்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் மாமா. வந்தவர்கள் போனதும் என்னிடம், "குடோனாமே" என்றார். குடோனிலிருந்து வந்தவர்தானே அவரும்.

மேஜை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தார். அதற்குள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். வங்காளப் பக்கத்து ஆள், கையில் ஸ்கேன் கவர். கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் பொழுது போகாமல் இங்கே நடந்து வருவதுண்டு. கடைசி வருடங்களில் எங்கள் வியாபாரமே அவர்களால்தான். மனைவிக்கு வைத்தியமாம். இவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக் காட்டினார். கடைசி ஓட்டையில் மாட்டியும் பேன்ட் நழுவியது. சென்னைக்கு வந்து நாற்பது நாளாகிறது என்றார் அரைகுறை ஹிந்தியில்.

இழுப்பறையிலிருந்து ஓட்டை போடும் அந்தப் பழைய பஞ்ச் கருவியை எடுத்தார் மாமா. துருப் பிடித்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தார். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கட்டைவிரலால் ஒருதரம் தேய்த்துப் பார்த்து, "ரெக்சின்" என்று என்னிடம் முணுமுணுத்தார். ஆனாலும் அளவெடுத்து, நிதானமாக மூன்று ஓட்டை போட்டார். ஒன்று போதுமே என்றேன். "இருக்கட்டும்டா, இன்னும் இளைச்சாருன்னா?" என்றார்.

அந்த ஆள் எவ்வளவு என்று கேட்டார். சும்மாதான் செய்துகொடுப்பார் என்று நான் நினைத்தேன். மாமா, "பீஸ் ரூபாய்" என்றார். அவரிடம் சில்லறை இல்லை. மாமாவிடம் ஸ்கேன் செய்கிற அட்டை இல்லை. கடைசியில் என் போனுக்கு அனுப்பினார். ஷட்டரை இறக்கினோம். சாவியை மாமா இடுப்பில் முடிந்துகொண்டார்.

அந்த இருபது ரூபாயை நான் இன்னும் கொடுக்கவில்லை. இதுவரை இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டார்.